விலை தெரிந்துவிட்டது, ஆவணம் எதற்கு?

2025 நவம்பர்

பெறுநர்: தலைவர், செபி, பாந்த்ரா குர்லா வளாகம், மும்பை.
அனுப்புநர்: சில்லறை முதலீட்டாளர், இரண்டு லட்ச ரூபாய் வரம்புக்கு உட்பட்டவர்.
பொருள்: ஜியோ ஐ.பி.ஓ.வுக்கு ஆவணம் தாக்கல் செய்யும் விதியிலிருந்து விலக்கு கோருதல்.

ஐயா,

கடந்த ஆகஸ்ட் 29 அன்று நடந்த ரிலையன்ஸ் ஆண்டுக் கூட்டத்தில், 2026 முதல் பாதிக்குள் ஜியோ பட்டியலுக்கு வரும் என்று முகேஷ் அம்பானி சொன்னார். ஐந்தாண்டுக்குள் அந்தத் திசையில் நகர்வோம் என்று 2019 கூட்டத்திலும் சொல்லியிருந்தார். அதை இப்போது கிளற வேண்டாம். எத்தனை பங்கு, என்ன விலை, விற்பது யார் என்று இன்றுவரை ஊருக்கு எதுவும் தெரியாது. ஆனால் எங்கள் சித்தப்பாவுக்குத் தெரியும். பட்டியலாகும் நாளில் என்ன லாபம் என்பதுகூடத் தெரியும்.

ஒரு பான் கார்டுக்கு ஒரு விண்ணப்பம்தான் என்பது உங்கள் விதி. அதை மதித்து, வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் அவர் டீமேட் கணக்கு திறந்துவிட்டார். அத்தையின் மொபைலுக்கு யு.பி.ஐ. ஒப்புதல் கேட்டு மெசேஜ் வந்தால் அதை அமுக்கவும் பழக்கியாயிற்று. அத்தையோ அதை ஏதோ எல்.ஐ.சி. பாலிசி என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்.

தாய்க் கம்பெனியின் பங்குதாரர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கும் என்று ஒரு பேச்சு. உடனே ஆளுக்கு ஒரே ஒரு ரிலையன்ஸ் பங்கு வாங்கினார்கள். அந்தக் கம்பெனி ஜாம்நகரில் எண்ணெய் சுத்திகரிக்கிறது என்று சொன்னேன். "அப்படியா, அதுவும் பண்றாங்களா?" என்றார் சித்தப்பா.

எங்கள் அறிவுக்குச் சான்று வேண்டுமானால் எச்.டி.எப்.சி. வங்கியின் துணை நிறுவனமான எச்.டி.பி. பைனான்சியலைப் பாருங்கள். பட்டியலுக்கு வருமுன்பே, வெளிச் சந்தையில் அதன் பங்கு 1,200 ரூபாய்க்கு மேல் கைமாறியது. 2025 ஜூனில் கம்பெனியே வந்து 700 முதல் 740 வரை என்று விலை வைத்தது. தன் மதிப்பு தனக்கே தெரியாத கம்பெனி! ஜூலை 2 அன்று 835 ரூபாய்க்குப் பட்டியலானது. 740க்கு வாங்கியவர் லட்டு கொடுத்தார். 1,200க்கு வாங்கியவர், உங்கள் லாக்-இன் விதிப்படி, ஆறு மாதம் விற்கவும் முடியாமல் அந்த லட்டைச் சாப்பிட்டார்.

ஐந்து லட்சம் கோடிக்கு மேல் மதிப்புள்ள கம்பெனி 2.5 சதவீதப் பங்கை விற்றாலே போதும் என்று செப்டம்பரில் முடிவெடுத்தீர்களே, அதற்கு நன்றி. பந்தியில் இலை குறைந்தால்தானே முண்டியடிப்பு களைகட்டும்.

தனிநபர்கள் தங்களுக்குக் கிடைத்த ஐ.பி.ஓ. பங்குகளில், மதிப்பில் பாதியை ஒரே வாரத்தில் விற்றுவிடுகிறார்கள் என்று 2024இல் நீங்களே ஆய்வறிக்கை வெளியிட்டீர்கள். ஒரு வாரம் வைத்திருக்கும் பொருளுக்கு நூற்றுக்கணக்கான பக்கங்களில் அபாயக் காரணிகள் எதற்கு? காகிதத்தை மிச்சப்படுத்தி, கிரே மார்க்கெட் பிரீமியத்தைத் தினமும் வானிலை அறிக்கைக்குப் பின் வானொலியில் வாசிக்கச் சொல்லுங்கள்.

அது முடியாதென்றால் இன்னொரு வேண்டுகோள். பட்டியலுக்கு முந்தைய வியாபாரத்துக்கு முறையான தளம் ஒன்றை யோசிப்பதாக நீங்களும் பேசியிருக்கிறீர்கள். யோசிக்கும் நேரத்தில், எச்.டி.பி. பங்கை 1,200க்கு விற்ற ஏஜென்ட்டுகளைக் கூப்பிட்டு, அந்த விலையை முதலில் சொன்னது யார் என்று ஒரு தடவை கேளுங்கள். ஜியோவின் விலையையும் சித்தப்பாவுக்கு யாரோ ஒருவர்தான் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரே ஒரு ரிலையன்ஸ் பங்கின் உரிமையாளர்