சில்லு எங்கள் கையில்

யாழ்ப்பாணத்தில் எங்கள் கொழும்புத்துறைக்குப் பேர் வாங்கித் தந்தவர் யோகர் சுவாமிகள் (1872–1964). இலுப்பை மரத்தடியில் சும்மா இருந்தே வாங்கித் தந்தார். பின்னால் வந்த எங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சைக்கிள் பெடல் சுற்றினோம்.

1990இல் போரோடு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுபோனது. பற்றரியும் தடைசெய்த பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லோடு சாய்த்து, வயரை ரேடியோவுக்குக் கொடுத்தால், பெடலைக் கையால் சுற்றுகிற பொடியன்தான் அந்த வீட்டுக்கு மின்சார சபை. இரவு பிபிசி தமிழோசை. முற்றம் முழுக்க அயலட்டைச் சனம். என் கை தளர்ந்தால் லண்டனுக்குத் தொண்டை கட்டும்.

"விடாமல் சுத்தடா, செய்தி போகுது!" என்பார் அப்பு.

அடுத்தநாள் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்பது தவிர அந்தச் செய்தியில் எனக்கு அக்கறை இல்லை. ஆனால் லண்டனை ஓடவிடவும் நிறுத்தவும் அரைக்காற்சட்டைக்காரனுக்கு அதிகாரம் இருந்தது. அப்படியொரு பதவி பிறகு எனக்குக் கிடைக்கவேயில்லை.

இப்போது நல்லூர்த் திருவிழாக் காலம் வந்தால் மகளைக் கார்ணிவலுக்குக் கூட்டிப் போகிறேன். அவளுக்குத் தேநீர்க் கோப்பை ராட்டினம்தான் வேண்டும். இதன் பேர்போன மூத்தது 1955இல் கலிபோர்னியா டிஸ்னிலாண்டில் ஓடத் தொடங்கியது: 18 கோப்பைகள், அவற்றைச் சுமக்கும் மூன்று வட்டத் தட்டுகள், அந்த மூன்றையும் சுமக்கும் ஒரு பெரிய தட்டு. தேயிலை விளைகிற நாட்டில் இருந்துகொண்டு, பிளாஸ்ரிக் கோப்பைக்குள் குந்தியிருக்கக் காசு கொடுக்கிறோம். பரவாயில்லை, தேயிலைத் தோட்டத்துச் சனம் கொடுத்த விலைக்கு இது மலிவு.

கோப்பை நடுவே ஒரு சில்லு. பிடித்துத் திருப்பினால் கோப்பை சுழலும். அநேகமான ராட்டினங்களில் அந்தச் சில்லு கீழே தட்டோடு இறுக்கிப் பூட்டியது. அது அசையாது. அதைப் பிடித்து இழுக்க, நாங்கள்தான் சுற்றுகிறோம். பெரிய தட்டு எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதெல்லாம் வேலிக்கு வெளியே, சுவிச்சில் ஒரு கையும் போனில் மறுகையுமாக நிற்கிற பொடியனின் தீர்மானம். வடக்கில் வாக்குப் போட்டுப் பழகிய எனக்கு இந்தப் பொறிமுறை உடனே விளங்கிவிட்டது.

மகளுக்கு இன்னும் விளங்கவில்லை. இறங்கும்போது கேட்டாள்: "அப்பா, நான் நல்லா ஓடினனானே?"

"ஓம், உன்னைப்போல ஓட ஆளில்லை."

"அப்ப இன்னொரு ரிக்கற் எடுங்கோ."