ஐந்நூறு மீட்டர் நிதானம்

சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் விரையும் ஓட்டுநரின் நிதானத்தைச் சட்டம் இரண்டு அளவைகளால் அளந்து பார்த்திருக்கிறது. முதலாவது மில்லிகிராம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பதைக் குற்றமாக்க, 2019ஆம் ஆண்டின் திருத்தம் முதற்குற்ற அபராதத்தை 10,000 ரூபாயாக்கியது. இரண்டாவது மீட்டர்: நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என 2016 டிசம்பரில் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2017 மார்ச்சில் 20,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்கு அத்தொலைவை 220 மீட்டராகக் குறைத்து, ஜூலையில் நகராட்சி எல்லைக்குள் உரிமம் பெற்ற கடைகளுக்கு ஆணை பொருந்தாதெனத் தெளிவுபடுத்தியது. ஆக, சிற்றூர்க் குடிமகனுக்குப் போதை தெளிய 220 மீட்டர் போதும், நகரவாசிக்கு அந்த நடையும் தேவையில்லை எனும் அரிய உடலியல் உண்மை நிலைநாட்டப்பட்டது. கோர விபத்து நேரும்போதெல்லாம் ஓட்டுநருக்கு மட்டும் உச்சத் தண்டனை கேட்டு விவாத அரங்குகள் முழங்குகின்றன. 2003 முதல் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எனும் தன் நிறுவனத்துக்கே உரித்தாக்கிய தமிழக அரசோ, கல்லாவில் விலையையும் சாலையில் அபராதத்தையும் சலிக்காமல் பெற்றுக்கொள்கிறது. கடையில் கேட்டுப் பெறவேண்டிய ரசீது சாலையில் கேளாமலே கிடைப்பது நிர்வாகச் சீர்திருத்தமே.