ஐந்து கதிரைகளுக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: தலைவர் (நியமிக்கப்பட்டிருந்தால்), நிகழ்நிலைக் காப்பு ஆணைக்குழு, கொழும்பு.

ஊடாக: கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலாளர், கூட்டுறவுத் திணைக்களம், மீன்பிடித் திணைக்களம் மற்றும் இக்கடிதத்தைக் கையில் எடுக்கும் எவரும்.

விடயம்: எமது சங்கத்தின் குழுவில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதற்கு அங்கீகாரம் கோரல்.

கனம் ஐயா அல்லது அம்மணி,

நான் மட்டக்களப்பு வாவிக் கரையில் உள்ள ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர். சங்கத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அங்கத்தவர் எல்லோரும் சாட்சிகளாகி விடுவார்கள். எழுதாவிட்டால் நான் ஒருவன் மட்டும் போலிக் கணக்கு ஆவேன். 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை வாசித்த பிறகு இரண்டாவதுதான் செலவு குறைவு என்று பட்டது.

சட்டம் வந்த வழியை எனக்குத் தெரிந்த மட்டில் ஒப்புவிக்கிறேன். பிழை இருந்தால் அறிவித்தல் அனுப்புங்கள். சட்டம் சொல்கிறபடி 24 மணி நேரத்துக்குள் அகற்றி விடுகிறேன். 2023 இல் சட்டமூலம் வந்தபோது நாற்பதுக்கு மேற்பட்ட மனுக்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. முப்பது இடங்களுக்கு மேல் திருத்தம் வேண்டும் என்றது நீதிமன்றம். 2024 ஜனவரி 24 ஆம் திகதி 108 பேர் ஆதரிக்க, 62 பேர் எதிர்க்க, சட்டம் நிறைவேறியது. பெப்ரவரி 1 ஆம் திகதி சபாநாயகர் கையொப்பம் வைத்தார். சொன்ன திருத்தமெல்லாம் உள்ளே வரவில்லை என்று எதிர்க்கட்சி அவர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்து, மார்ச்சில் 75க்கு 117 என்று தோற்றது. எங்கள் சங்கத்தில் கூட்டறிக்கையில் ஒரு திருத்தம் விட்டுப் போனால் அடுத்த கூட்டத்தில் தேநீர் வருமுன்னே செயலாளரை மாற்றி விடுவார்கள். நாடு பெரியது, பொறுமையும் பெரியது.

ஆணைக்குழுவுக்கு ஐந்து பேர், மூன்று வருடம், ஜனாதிபதி நியமிப்பார் என்று சட்டத்தில் இருக்கிறது. சட்டத்துக்கு ஒரு வயது நிறைந்தபோதும் ஐந்து கதிரையும் வெறுமையாகத்தான் கிடந்தன. அதனால் எழுதாமல் இருக்க நினைக்கவில்லை. ஆள் இல்லாத கதிரைகளுக்கு எழுதிப் பழகிய ஊர் இது.

விடயத்துக்கு வருகிறேன். எங்கள் சங்கத்துக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. தோணிக்காரர், வீச்சுவலைக்காரர், நண்டு வாங்குபவர், காத்தான்குடிப் பக்கத்து வியாபாரிகள், பாதி நாள் வயலிலும் பாதி நாள் ஆற்றிலும் நிற்கும் படுவான்கரைக்காரர் என எல்லோரும் அதில் இருக்கிறார்கள். பங்குப் பணம் கட்டியவர் எவரும் எழுதலாம். அட்மினைக் கை உயர்த்தித் தெரிவு செய்கிறோம், கை உயர்த்தியே இறக்குகிறோம். அதில் எழுதுவதற்கான விதிகளும் பொதுக்கூட்டத்தில் போட்டவைதான்.

குழுவை நாங்கள் நடத்தினாலும் வட்ஸ்அப் மெட்டா நிறுவனத்துடையது என்று எங்கள் இளம் அங்கத்தவர் ஒருத்தி கூட்டத்தில் எழும்பிச் சொன்னாள். அவள் படித்த பிள்ளை. மெட்டாவின் முகநூலில் 2009 இல் ஒரு புதினம் நடந்ததாம். விதிகளை மாற்றுமுன் பாவனையாளரிடம் வாக்குக் கேட்போம் என்றார்களாம். மொத்தப் பேரில் 30 வீதத்தினர் வாக்களித்தால் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 2012 டிசம்பரில் வாக்கெடுப்பு வந்தபோது பாவனையாளர் நூறு கோடியைத் தொட்டிருந்தார்கள். ஆகவே கோரம் முப்பது கோடி. வந்த வாக்கு ஏழு லட்சத்துக்கும் குறைவு. வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேரளவில் மாற்றம் வேண்டாம் என்றார்கள். கோரம் காணாது என்று மாற்றத்தைச் செய்து முடித்தார்கள். அந்த மாற்றங்களில் ஒன்று, இனிமேல் வாக்கெடுப்பு இல்லை என்பது.

எங்கள் தலைவர் எழுபதைத் தாண்டியவர். கேட்டு முடித்துவிட்டு, "முப்பது கோடி கோரமா? நம்மட கூட்டத்துக்கு முப்பது பேரைச் சேக்க நான் ரெண்டு தரம் லவுட்ஸ்பீக்கர் கட்டுறன் மனே" என்றார்.

அந்தப் பிள்ளைதான் சோசல்.கூப் என்று ஒன்று இருப்பதாகவும் சொன்னாள். 2017 இல் தொடங்கியது. மாஸ்டடன் மென்பொருளில் ஓடுகிறது. அங்கத்தவர் சந்தா கட்டுகிறார்கள், விதிகளை லூமியோ என்ற இன்னொரு தளத்தில் பேசி வாக்களித்து மாற்றுகிறார்கள். லூமியோவும் நியூசிலாந்தில் கூட்டுறவாகப் பிறந்ததுதான். 1844 இல் ரொச்டேலில் 28 பேர் காசு சேர்த்து மாவும் வெண்ணெயும் விற்கக் கடை போட்ட அதே வேலை. இலங்கையில் 1911 முதல் சட்டம் போட்டு அனுமதித்த வேலை. நாங்களும் எங்களுக்கென்று அப்படி ஒன்று வைப்போம் என்று தீர்மானம் போட்டோம். ஆனால் சொந்தமாக வைத்தால் உங்கள் சட்டத்துக்கு முன்னால் நிற்கப் போவதும் நாங்கள்தானே. ஆகவே எங்கள் விதிகளைத் தங்கள் மேலான பார்வைக்கு வைத்துச் சில ஐயங்களைத் தெளிந்து கொள்ள விரும்புகிறோம்.

முதலாவது, மீன் பாடுவது. 1848 இல் எமர்சன் டெனன்ட் துரை இங்கே வந்து, இரவில் வாவிக்குள்ளிருந்து இசை எழுவதைக் கேட்டதாக எழுதி வைத்தார். அன்றிலிருந்து பாடுவது மீனா, ஊரியா, பாறை இடுக்கில் ஓடும் தண்ணீரா என்ற வழக்கு முடியவில்லை. சட்டம் பொய்க் கூற்று என்பதை, சொல்பவர் பொய்யென்று அறிந்தோ நம்பியோ, ஏமாற்றும் நோக்கோடு சொல்வது என்கிறது. அபிப்பிராயம் அதில் சேராது. எங்கள் அங்கத்தவர் ஒருவர் பௌர்ணமி இரவுகளில் வெளிநாட்டாரைக் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் கூட்டிப் போகிறார். அவருக்கு இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. ஆனாலும் மாதாமாதம் குழுவில் "இன்று மீன் பாடும், ஆட்களை அனுப்புங்கள்" என்று போடுகிறார். கேட்டால், அது தன் அபிப்பிராயம் என்கிறார். அபிப்பிராயத்துக்குத் தோணிக் கூலி வாங்கலாமா என்று தயவுசெய்து அறியத் தரவும்.

இரண்டாவது ஐயத்தில் பகிடி குறைவு.

எங்கள் விதிகளில் நீண்ட நேரம் விவாதித்தது ஒன்றைத்தான்: கடலைப் பற்றி முந்திச் சொன்னவருக்குத் தண்டனை இல்லை. 2004 டிசம்பர் 26 காலையில் சுமாத்திராவில் நிலம் நடுங்கியதற்கும் எங்கள் கரையில் அலை ஏறியதற்கும் இடையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அவ்வளவு நேரமும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நாவலடியில் முழு வீதிகள் போயின. அதன் பிறகு சுனாமி வருகுது என்ற கதை கேட்டு நாங்கள் ஓடிய ஓட்டங்களுக்குக் கணக்கில்லை. 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி சுமாத்திராப் பக்கம் 8.6 அளவில் நடுங்கியபோது அரசாங்கமே ஓடுங்கள் என்றது. சோற்றுப் பானையை அடுப்பில் விட்டுவிட்டு ஓடினோம். அலை வரவில்லை. அரசாங்கத்தின் மேல் ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை. நல்ல வேலை செய்தார்கள் என்றுதான் சொன்னோம்.

எச்சரிக்கையும் பொய்க் கூற்றில் சேராது என்று சட்டத்தில் எழுதியிருக்கிறீர்கள். நன்றி. ஆனால் அந்தரத்தில் ஒருவன் வொய்ஸ் போடும்போது அது எச்சரிக்கையா, பீதி கிளப்பலா என்று தீர்மானிப்பவர் கொழும்பில் இருக்கும் ஒருவர். பொது ஒழுங்குக்கு அச்சுறுத்தல் என்று அவர் கண்டு, வழக்கும் அப்படியே முடிந்தால் ஐந்து வருடம் வரை மறியல். ஐந்து வருடத்தை நினைத்துப் பார்க்கிறவன் கரையில் நின்று தண்ணீர் உள்வாங்குவதைப் பார்த்தால் முதலில் படம் எடுப்பான், பிறகு யோசிப்பான், பிறகு சட்டத்தரணிக்கு அழைப்பான். எங்கள் விதியில் அவன் சொன்னது பிழை என்று தெரிந்தால் அடுத்த கூட்டத்தில் எழும்பி நின்று ஏன் அப்படி நினைத்தான் என்று விளக்க வேண்டும். வேண்டுமென்றே விளையாடியிருந்தால் மூன்று மாதம் எழுத முடியாது, அந்தக் கூட்டத்துத் தேநீர்ச் செலவும் அவனுடையது. இதில் எது ஆளைத் திருத்தும் என்று நீங்களே சொல்லுங்கள். ஊருக்கு முன்னால் எழும்பி நிற்பதைவிட மறியல் பரவாயில்லை என்று சொன்னவர்களும் கூட்டத்தில் இருந்தார்கள்.

முகத்துவாரம் வெட்டுவது பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மாரி மழையில் வாவி நிரம்பினால் வயல்காரர் மணல் திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடச் சொல்வார்கள். ஆற்றுமீன் பிடிப்பவர் பொறுக்கச் சொல்வார். இரண்டு தொழிலும் செய்பவர் இரண்டு பக்கமும் கையெழுத்து வைப்பார். அந்தக் கிழமைகளில் குழுவில் வருவதெல்லாம் பகைமையைத் தூண்டும் கூற்று என்றே எவருக்கும் தோன்றும். ஒருவரை ஒருவர் முதலை என்பார்கள். தண்ணீர் வடிந்ததும் முதலையும் முதலையும் ஒரே தோணியில் இறாலுக்குப் போவார்கள். அதற்குள் 24 மணி நேர அறிவித்தல் வந்துவிட்டால் சமாதானமான பிறகு வழக்கு நடக்கும்.

வசைக்கும் எங்களிடம் விதி உண்டு. எங்கள் பகுதியில் கண்ணகி அம்மனுக்காகக் கொம்புமுறி விளையாடுவார்கள். இப்போது அருகி விட்டது. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகும். கொம்போடு கொம்பு மாட்டி இரு பக்கமும் இழுக்கும். ஒன்று முறியும். ஒரு சேரி மறு சேரியைப் பாட்டில் ஏசும் ஏச்சு, உங்கள் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் அடங்காது. பொண்டுகள் காதைப் பொத்துவது போல் பொத்திக்கொண்டு விரல் இடுக்கால் கேட்பார்கள். ஆனால் ஏசுகிறவர் முகம் எல்லோருக்கும் தெரியும். எப்போது தொடங்கும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும். முடிந்த பிறகு அந்தப் பாட்டை வீதியில் பாடினால் பாடினவனுடைய சேரிதான் அவனை அடக்கும். இதைப் பார்த்து நாங்கள் சனிக்கிழமை இரவு எட்டு மணி முதல் ஒன்பது மணி வரை ஏச்சுக்கு ஒதுக்கியிருக்கிறோம். சொந்தப் பெயரில்தான் ஏச வேண்டும். தாயையும் சமயத்தையும் தொடக் கூடாது. ஒன்பதுக்கு அட்மின் ஒரு தீபப் படம் போடுவார், அதோடு சரி. முதல் மாதம் பெரிய ஆரவாரம். பிறகு ஏசுவதற்கு ஆள் குறைந்து, இப்போது அந்த ஒரு மணி நேரத்தில் இறால் விலைதான் பேசுகிறார்கள். இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

பொய் ஆளைக் கொல்லும் என்பது எங்களுக்குப் புத்தகத்தில் படித்த செய்தி அல்ல. 2018 பெப்ரவரியில் பக்கத்து அம்பாறையில், முஸ்லிம் கடையொன்றில் சாப்பாட்டுக்குள் மலட்டு மாத்திரை போட்டதாகக் கதை கட்டி, கடையையும் பள்ளிவாசலையும் அடித்தார்கள். அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் பார்த்தபோது அது மாக்கட்டி. அடுத்த மாதம் கண்டிப் பக்கத்தில் திகனை எரிந்தது. சிங்களத்தில் எழுதிய வெறுப்பைப் பார்த்து நீக்க முகநூலில் போதிய ஆட்கள் இருக்கவில்லை. 2020 இல் அந்த நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. அரசாங்கத்தின் கையில் சட்டம் இல்லாமலா இருந்தது? குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சமவாயத்தின் பெயரில் 2007 முதலே ஒரு சட்டம் இருந்தது. அதைக் கொண்டு 2019 ஏப்ரலில் சக்திக சத்குமாரவைப் பிடித்து நான்கு மாதம் உள்ளே வைத்தார்கள். அவர் செய்தது, ஒரு சிறுகதை எழுதி முகநூலில் போட்டது. உரிமைச் சட்டத்தாலேயே எழுத்தாளரை உள்ளே வைக்க முடிந்த நாட்டில் காப்புச் சட்டம் என்ற பெயரைக் கேட்டால் எங்கள் ஆட்கள் கொஞ்சம் பின்வாங்குவது குற்றமா?

அவரைப் பிடித்த அதே ஏப்ரல் 21 ஆம் திகதி எங்கள் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் பிள்ளைகள் நிறையப் பேர். அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் அடைத்தது. கதைகள் அடைபடவில்லை. சந்தியில் நின்றன, சந்தைக்குப் போயின. அவற்றை மறுத்துச் சொல்லத்தான் வழி இல்லாமல் போயிற்று. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி மறுபடியும் அடைத்தபோது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே வீபீஎன் போட்டு டுவிட்டரில் வந்து, இப்படித் தடுத்துப் பயனில்லை என்று எழுதினார். அந்த ஒரு பதிவுக்காக அவருக்கு எங்கள் குழுவில் கௌரவ அங்கத்துவம் கொடுக்கலாம் என்று ஒரு பிரேரணை வந்து, ஆமோதிக்க ஆளில்லாமல் போனது.

இதற்கான எங்கள் விதி சிறியது. கேள்விப்பட்ட கதையைப் போடுகிறவர் யாரிடம் கேள்விப்பட்டார் என்று பெயரோடு எழுத வேண்டும். பெயர் எழுத முடியாத கதை குழுவுக்கு வராது. காத்தான்குடியைப் பற்றிய கதை என்றால் முதலில் குழுவில் உள்ள காத்தான்குடிக்காரரிடம் கேட்க வேண்டும். ஆரையம்பதியைப் பற்றியது என்றால் ஆரையம்பதிக்காரரிடம். "அவனுகளிட்டயே கேக்கிறதா?" என்று ஒருவர் கத்தினார். "பொறகு ஆரிட்டக் கேக்கிற, கொழும்பிலயாகா?" என்று மற்றவர் கேட்டார். விதி நிறைவேறியது. எல்லா நாளும் இது வேலை செய்யும் என்று நான் உறுதி தர மாட்டேன். கண்ணுக்குத் தெரியாமல் அடுத்த குழுவுக்குப் போகும் கதைகள் இருக்கின்றன. ஆனால் நாளை விடிய மீன் ஏலத்தில் எதிர் எதிரே நிற்கப் போகிறவர்கள் போட்ட விதி இது. உங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் அந்த ஏலத்தில் நிற்க வேண்டிய அவசியம் வராது.

மேற்படி விதிகளை அங்கீகரிக்குமாறு பணிவுடன் கேட்கிறோம். மறுப்பதாக இருந்தால் காரணத்தைத் தமிழில் எழுதவும். சிங்களத்தில் மட்டும் வரும் கடிதங்களை வாசித்துச் சொல்ல எங்களிடம் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவரும் இப்போது கட்டாரில்.

எங்கள் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குத் தலைவர் அவர்களை அழைக்கவும் நிர்வாக சபை தீர்மானித்திருக்கிறது. திகதியைப் பிறகு அறிவிப்போம். தாங்களும் நியமிக்கப்பட்டதும் அறிவியுங்கள். பார்வையாளராக இருக்கலாம், தேநீர் உண்டு. பேசுவதற்குத் தலைவரின் அனுமதி வேண்டும். வாக்களிக்க விரும்பினால் பங்குப் பணம் கட்டி, இரண்டு அங்கத்தவரின் சிபாரிசோடு விண்ணப்பப் பத்திரம் நிரப்ப வேண்டும். பத்திரம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. தொழில் என்ற இடத்தில் "ஆணைக்குழு" என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள். வலையா, தூண்டிலா என்று குறிப்பிடவும்.

இப்படிக்கு,
பணிவன்புள்ள,
செயலாளர்
(அடுத்த பொதுக்கூட்டம் வரை)