வண்டியை சாத்தூர்ல நிறுத்துலே!

எலே பேராண்டி, மெட்ராஸ்லருந்து காருல வாரியாமே! எந்தெந்த ஊர்ல என்ன திங்கணும்னு பட்டியல் போட்டு வச்சிருக்கியாம். அதை மடிச்சுப் பையில வை. நான் சொல்லுதேன்.

முதல்ல சாத்தூர். கடைக்காரர் ருசி பாக்கக் காராச்சேவு தருவார். வெக்கப்படாம வாங்கித் தின்னு, அடுத்த கடைக்குப் போ. நாலு கடை ஏறி இறங்கினா காலைப் பலகாரச் செலவு மிச்சம். கடைசிக் கடையில மட்டும் கால்கிலோ வாங்கிரு, நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு மானம் இருக்குல்லா. பூண்டு சேவு பிரமாதம். பொண்ணு பாக்கப் போற அன்னிக்கு மட்டும் வேண்டாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மேற்கே விலகிக் கெடக்கு. பால்கோவாவுக்குப் போறேன்னு சொல்லாத, ஆண்டாள் தரிசனம்னு சொல்லு. பெட்ரோல் காசு உங்கப்பனே தருவான். 2019-ல அந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு குடுத்தாங்க, மறுவருசம் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கும் குடுத்தாச்சு. சர்க்கார் முத்திரை விழுந்தாத்தான் உங்க தலைமுறைக்கு இனிக்கும், நல்லதாப் போச்சு. கலர் தேங்காய்ப்பூ தூவின கடலை மிட்டாயா வாங்கு. பல்லுள்ளவன் கடிப்பான், என்னை மாதிரி ஆளு கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு, பாகு கரையுற மட்டும் ஊர்வம்பு பேசுவான்.

தூத்துக்குடி மக்ரூன் வேற சாதி. முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க நுரைக்க அடிச்சு, சீனியும் முந்திரித்தூளும் சேத்து, கூம்பு கூம்பாப் பிழிஞ்சு இளஞ்சூட்டுல வேக வைக்கது. மெல்லுறதுக்குள்ள காணாமப் போயிரும். டப்பாவைத் திறந்து வச்சுக்கிட்டு கடலை வேடிக்கை பாக்காத, நமுத்துரும். நம்ம சைவத்துப் பெரியத்தை போன தீவாளிக்கு ஒரு டப்பாவைக் காலி பண்ணிட்டு, "முந்திரி நல்லா மணக்கு"ன்னா. வெள்ளைக்கருன்னு சொல்லி அவ மனசை நோகடிக்காத. அவளுக்கும் தெரியும்லே!

திருநெல்வேலிக்குச் சாயங்காலமா வா. நெல்லையப்பர் கோயிலுக்கு எதுக்க இருக்கிற இருட்டுக்கடை அப்பத்தான் திறக்கும். அல்வாவைச் சுடச்சுட வாங்கி அங்கயே நின்னு தின்னணும். வீட்டுக்குப் போயி ஸ்பூன் தேடுறவனுக்கு அல்வா எதுக்கு? கையில நெய் வழிஞ்சா கர்ச்சீப்பை எடுக்காத, நாக்கு எதுக்கு இருக்கு?

எனக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா. எனக்குச் சுகர்னு உங்க ஆச்சி ஊரெல்லாம் தமுக்கடிச்சு வச்சிருக்கா. ஆனாலும் பெரியவங்களைப் பாக்க வெறுங்கையோட வரப்பிடாது பாரு. அந்த அரைக்கிலோ அல்வாவை முன்வாசல் வழியாக் கொண்டாராத. தொழுவத்துப் பக்கம் வந்து லேசா இருமு. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருப்பேன்.