பதினேழாவது நிபந்தனை

மூங்கில்துறைப்பட்டில் வாடகைக்கு வீடு தேடிப் போனால் முதலில் வீட்டைப் பார்க்க முடியாது. வீட்டுக்காரர்தான் உங்களைப் பார்ப்பார். பார்த்துத் திருப்திப்பட்டால்தான் சாவி இடுப்பை விட்டு வெளியே வரும்.

"சார் எங்க வேலை?"

"சர்க்கரை ஆலையில."

"பர்மனெண்ட்டா, சீசனா?"

கூட்டுறவு சர்க்கரை ஆலை உள்ள ஊரில் ஜாதகத்தை விட முக்கியமான கேள்வி இது. "சீசன் ஆளுங்க அரவை நின்னதும் வாடகையையும் நிறுத்திடறாங்க சார்" என்பது அவர் அனுபவம்.

ஒப்பந்தம் 11 மாதத்துக்குத்தான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். மற்ற சட்டம் எதுவும் தெரியாவிட்டாலும் இந்த ஒன்றை அவர் தாலாட்டிலேயே கேட்டு வளர்ந்தவர் போலச் சொல்வார். முன்பணமாக மூன்று மாத வாடகை என்று பேசும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவிட்டால் மட்டும், "அதெல்லாம் டவுனுக்கு சார், நம்மளது பஞ்சாயத்து" என்று கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

முத்திரைத்தாளில் பத்திர எழுத்தர் எழுதியது ஒரே பக்கம். அதன் பின்னால் கோடு போட்ட தாள்களில், அவரே கைப்பட எழுதிப் பின் அடித்திருப்பதுதான் உண்மையான ஒப்பந்தம். உட்கார வைத்து வாசித்துக் காட்டுவார். நான்கு விதமான மையில் இருக்கும். ஒரே நாளில் எழுதியதல்ல என்பது பார்த்த உடனே புரியும்.

"சுவரில் ஆணி அடிக்கக் கூடாது" என்பது முதல் நிபந்தனை. அதன் கீழே வேறு மையில் "சாமி படத்துக்கும்" என்று ஒரு சேர்க்கை. யாரோ ஒரு பக்தர் குடியிருந்துவிட்டுப் போயிருக்கிறார்.

"இரவு 9 மணிக்கு மேல் கிரைண்டர் ஓடக் கூடாது." யாரோ ஓர் அம்மா இட்லி மாவு வியாபாரம் செய்திருக்கிறார்.

"பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் வரும் உறவினர் ஓர் இரவுக்கு மேல் தங்கக் கூடாது." இதற்குப் பின்னால் ஒரு பெரிய குடும்பமும் வற்றிப்போன தண்ணீர்த் தொட்டியும் இருக்கின்றன.

"மாடியில் காயும் துணியில் ஆலைக் கரி விழுந்தால் உரிமையாளர் பொறுப்பல்ல." யாரோ வெள்ளைச் சட்டைக்காரர் சண்டை போட்டிருக்கிறார்.

2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்டு, தென்பெண்ணை கரை புரண்டதே, அதற்குப் பிறகு சேர்ந்தது இது: "மழை, வெள்ளம் காரணமாக வாடகைத் தேதி மாறாது."

தேதி என்பது மாதம் 5. ஆனால் 3-ஆம் தேதியே வந்து வாசலில் நிற்பார். "சும்மா, முருங்கை மரம் எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு." மரம் வாடகையில் சேராது, அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு.

கரண்டுக்குத் தனி மீட்டர். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசு இலவசமாகத் தருகிறது. அது மெயின் மீட்டர் வரைக்கும் வந்து, சப்-மீட்டருக்கு வழி தெரியாமல் அங்கேயே தங்கிவிடும்.

இத்தனை தாளிலும் தேடினால் கிடைக்காதது, அவர் செய்ய வேண்டியது என்ன என்பதுதான். ஒழுகும் குழாயைக் காட்டினால், "போன குடித்தனம் இருந்தப்ப ஒழுகலையே" என்பார். அந்தப் போன குடித்தனத்தைப் பற்றி அவர் சொல்லும் ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நடுராத்திரியில் பைக்கை எடுப்பவரும் அவரே. போய்த் திரும்பிய பிறகு, "ராத்திரி பத்து மணிக்கு மேல கேட் திறக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு, இன்னிக்கு மட்டும் பரவாயில்ல" என்பார்.

ஆலையில் எத்தனை அரவைக்கு உழைத்தீர்கள் என்பது ஊருக்கு நினைவிருக்காது. ஆனால் நீங்கள் காலி செய்த மறுநாள் அந்தத் தாளில் பதினேழாவதாக ஒரு வரி ஏறும். அடுத்து வருகிறவர் அதைப் படித்துவிட்டு, "இப்படியும் ஒரு ஆள் இருந்தாரா!" என்று சிரிப்பார். சிரிக்கட்டும். அவருக்குப் பதினெட்டாவது காத்திருக்கிறது.