மக்கர் எண்: வடசென்னைப் பொம்மைத் துப்பாக்கிகளின் தரம் குறித்து ஓர் ஆய்வு

1. தகுதியுரை

துப்பாக்கியை ஆராய வடசென்னைக்கு என்ன தகுதி என்போர் இரு சான்றுகளை நோக்குக. முதலாவது, 1914 செப்டம்பர் 22 இரவு. எம்டன் என்னும் ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்று சுட்டதில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. வந்த கப்பல் போய்விட்டது. பெயர் இங்கேயே தங்கிவிட்டது. பலே ஆசாமியை இன்றும் ‘சரியான எம்டன்’ என்கிறோம்.

இரண்டாவது, திருவொற்றியூரில் 1950களில் தொடங்கிப் பல்லாண்டு உருவான என்ஃபீல்டு புல்லட். பெயரே தோட்டா. சின்னத்தில் பீரங்கி. ‘துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது’ என்பது விளம்பர வாசகம். ‘என்ஃபீல்டு’ என்ற பெயரோ இங்கிலாந்தின் என்ஃபீல்டு அரசுத் துப்பாக்கி ஆலைக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த வழியில் வந்தது. இதிலிருந்து நம் கருதுகோள் பிறக்கிறது: வண்டியைத் துப்பாக்கி போலச் செய்யலாம் என்றால், துப்பாக்கியை வண்டி போலச் சோதிக்கலாம்.

2. வகைப்பாடு

‘சுடுதல்’ இவ்வட்டாரத்தில் மூவகைப்படும்: வடை சுடுதல், பிறர் பொருளைச் சுடுதல், துப்பாக்கி சுடுதல். முதலிரண்டும் இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. மூன்றாவதற்குரிய கருவிகள் இரண்டு.

அ) பொட்டுத் துப்பாக்கி. பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரசும் கலந்த பொட்டின்மேல் சுத்தி விழுந்தால் வெடிக்க வேண்டும். ஆனால் பொட்டு பிறப்பதோ சிவகாசியின் வறண்ட காற்றில். வாழ்க்கைப்படுவதோ ராயபுரத்தின் ஈரக்காற்றில். தீபாவளி வருவது ஐப்பசி அடைமழையில். ஆகவே நமுத்துப்போகிறது. இந்த வகையில் துப்பாக்கியைக் குறை சொல்வது, மழைக்குக் குடையைத் திட்டுவது போன்றது. மொட்டைமாடி வெயிலில் தட்டில் பரப்பிக் காயவைத்த பிறகே தீர்ப்புச் சொல்க.

ஆ) குண்டுத் துப்பாக்கி. மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்தால் ஸ்பிரிங் இறுகும். டிரிக்கரை அழுத்தினால் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் காற்றைத் தள்ளும். காற்று 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டைத் தள்ளும். 1970களில் ஜப்பானில் பெரியவர்களின் விளையாட்டாகப் பிறந்த ஏர்சாஃப்டின் ஏழைத் தம்பி இது. 0.2 கிராம் குண்டு நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 1 ஜூல். ஜப்பானியச் சட்டம் அதற்குச் சற்றுக் கீழே, 0.98-இல் கோடு போடுகிறது. இந்தியாவின் 2016 ஆயுத விதிகள் ஏர்கன்னுக்கு உரிமம் கேட்பது 20 ஜூலைத் தாண்டினால், அல்லது குழல் 0.177 அங்குலத்தைத் தாண்டினால். திருவொற்றியூர் மாசித் திருவிழாக் கடையில் வாங்கும் நம் துப்பாக்கி இந்தச் சர்ச்சைகள் எதிலும் தலையிடுவதில்லை. மதியம் கடல்காற்று எழுந்தால் அதன் குண்டு, சுட்டவன் விருப்பத்தைவிடக் காற்றின் விருப்பத்துக்கே மதிப்பளிக்கும்.

3. சோதனை முறை

பழைய இலக்கண நூல்கள் இப்பொருளைப் பேசாது விட்டமையால், நூற்பாவை யாமே யாத்தோம்:

*குலுக்கலும் இழுத்தலும் முகர்தலும் கேட்டலும்*
*வழுக்கிலர் வகுத்த வழிநான் காமே.*

உரை: குலுக்கல் என்பது காதருகே ஆட்டிப் பார்த்தல். குண்டு போடுமுன்பே கலகலவென்றால் உள்ளே ஏதோ ஒன்று ஏற்கெனவே விடுதலை பெற்றுவிட்டது என்க. இழுத்தல் என்பது ஸ்பிரிங்கின் முறுக்கு அறிதல். எண்ணூர் முதல் காசிமேடு வரை உப்புக்காற்று முதலில் தின்பது அதைத்தான். முகர்தல் என்பது பழைய பக்கெட்டை உருக்கி வார்த்த பிளாஸ்டிக்கா என அறிதல். கேட்டல் கள ஆய்வில் விளங்கும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதால் ‘தேடல்’ என ஐந்தாவதும் கூட்டுவர் ஒருசாரார். திருவிழாக் கடையில் அது தேடலாகவே முடிதலின் நூற்பாவுள் அடங்காது.

பத்து முறை சுட்டு, எத்தனை முறை மக்கர் பண்ணுகிறது என்று எண்ணுக. அதுவே மக்கர் எண். இலக்கு அட்டைப்பெட்டியாக இருக்கட்டும். கண்ணுள்ள எதையும் இலக்காக்குதல் ஆய்வு நெறி அன்று.

4. கள ஆய்வு

இடம்: திருவொற்றியூர்த் தியாகராஜர் கோயில் மாசித் திருவிழாக் கடை.

“அண்ணே, மக்கர் பண்ணாதுல்ல?”

“இன்னா தம்பி, செம்ம பீஸு இது! மக்கர் பண்ணா எத்துனு வா, மாத்தித் தரேன்.”

இக்கியாரண்டியின் காலவரம்பு கொடியேற்றம் முதல் கொடியிறக்கம் வரை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை; கடைதான் நிற்கவில்லை. கொடியிறங்கிய மறுநாள் எம் பீஸின் மக்கர் எண் ஏழு.

நான்காம் சோதனையாகிய கேட்டலுக்கு, ஃபாக்டரி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவரை நாடினோம். புல்லட்டின் வயிற்றில் ஸ்க்ரூடிரைவர் முனையை ஊன்றி, பிடியைக் காதில் வைத்து நோய் சொல்பவர். அதே ஸ்க்ரூடிரைவரை எம் துப்பாக்கியின்மேல் வைத்து, டிரிக்கரை அழுத்தச் சொன்னார்.

“ஸ்பிரிங் நல்லாத்தான்பா கீது. வாசர்தான் காத்து வுடுது.”

நாலு திருகைக் கழற்றி, பழைய சைக்கிள் டியூபில் பொட்டளவு வெட்டிச் செருகி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடினார். மக்கர் எண் இரண்டு.

5. முடிவு

எனவே, மக்கர் எண் துப்பாக்கியின் குணம் அன்று. அதைத் திறந்து மூடத் தெரிந்தவர் எத்தனை வீடு தள்ளி இருக்கிறார் என்பதன் அளவு. புல்லட் மக்கர் பண்ணாத வண்டி என்று அதை வைத்திருந்த எவரும் சொன்னதில்லை. தெருவுக்கு ஒரு மெக்கானிக் இருந்தார், அவ்வளவே.

மீதி இரண்டையும் சரிசெய்ய முடியுமா என்று பெரியவரைக் கேட்டோம். “அது இருக்கட்டும்பா,” என்றார், ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தபடி. “அப்பத்தான் நீ திரும்ப வருவ.”