போர்ட்டில் நிற்கும் போர்ட்

சவுத்தாம்ப்டன், இங்கிலாந்து

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பத்துப் பொருளுக்கு ஒப்பேற்றும் இங்கிலீஷ்காரனுக்குச் சொற்பஞ்சம் என்று எழுதியிருந்தீர்கள். நமக்குப் பழகிய 'போர்ட்'டையே எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடியில் போர்ட் என்றால் துறைமுகம். இங்கே கப்பல் நிற்கிற இடமும் போர்ட், கப்பலின் இடப்பக்கமும் போர்ட், அதில் வந்திறங்கும் இனிப்பு ஒயினும் போர்ட், கணினியில் ஒயர் செருகும் ஓட்டையும் போர்ட். செல்போன் எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றினால் அதுவும் போர்ட். போர்ட்டில், போர்ட் பக்கமாக, போர்ட்டை இறக்கினாலும் இங்கே யாரும் தடுமாறுவதில்லை.

இதைப் பஞ்சம் என்பதைவிடப் போக்குவரத்து நெரிசல் எனலாம். துறைமுகம், வாசல், சுமத்தல் ஆகிய மூன்றுக்கும் லத்தீனில் இருந்த சொற்கள் தேய்ந்து தேய்ந்து ஒரே உருவில் வந்து நின்றுவிட்டன. வாசலிலிருந்து கணினி ஓட்டை வந்தது. சுமத்தலிலிருந்து செல்போன் மாற்றம் வந்தது. ஒயினுக்குப் பெயர் கொடுத்தது போர்ச்சுகலின் போர்ட்டோ நகரம்; அந்தப் பெயருக்கும் துறைமுகம் என்றே பொருள். நம் முத்துக்கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் நமக்குச் சாவியும் ஜன்னலும் அலமாரியும் கொடுத்தார்கள். இங்கிலாந்துக்குப் புட்டி போயிற்று.

நடுக்கடலில் ஒரு சொல் பிசகினால் கப்பலே போய்விடுமே என்று கேட்பீர்கள். நியாயம்தான். பழைய கப்பல்களில் சுக்கான் துடுப்பு வலப்பக்கம் இருந்ததால், இடப்பக்கத்தைத்தான் கரையோடு அணைப்பார்கள். அந்தப் பக்கத்துக்கு 'லார்போர்ட்' என்றும், வலப்பக்கத்துக்கு 'ஸ்டார்போர்ட்' என்றும் பெயர். காற்றிரைச்சலில் இரண்டும் ஒன்றாகவே காதில் விழும். அதனால் 1844இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை லார்போர்ட்டைக் கைவிட்டு 'போர்ட்' என்றே சொல்ல உத்தரவிட்டது. அதற்கு ஏற்கெனவே துறைமுகம், ஒயின் என்ற பொருள்கள் இருந்ததை அவர்கள் பொருட்படுத்தவில்லை. பொருள் பலவானால் இடம் பார்த்து அறிந்துகொள்ளலாம். ஆபத்து ஓசை மயங்குவதில்தான் இருக்கிறது.

தமிழில் இந்த வம்பே கிடையாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். படகு அணையும் இடமும் துறை, குளிக்கிற இடமும் துறை, ஒருவர் படித்த படிப்பும் துறை, புறப்பாட்டில் திணைக்கு அடுத்து வருவதும் துறை. ஆனாலும் வருவாய்த் துறைக்கு யாரும் துண்டும் சோப்புமாகக் குளிக்கப் போனதில்லை.

ஆகவே பல பொருளுக்காக இங்கிலீஷைத் திட்டுவதை விடுங்கள், அண்ணாச்சி. ஸ்பெல்லிங்குக்காகத் தாராளமாகத் திட்டலாம். அந்த வழக்கில் நான் வாதாட வரமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி